ராஜாவை விட்டு ஜனங்களைப் படம் பிடித்தவர்

நூல் வியாபாரி மகன் உலகப் புகழ் பெற்ற கதை

திருப்பூரை ஒட்டிய நல்லூரில் நூல் என்றால் சோறு. கோன் கோனாக நூல் வந்து இறங்கும். பின்னல் மெஷினில் அது துணியாகும். தையல் மெஷினில் பனியனாகும். அந்த நூலை நம்பித்தான் குடும்பம் குடும்பமாக அடுப்பு எரிகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு நூல் முதலாளியின் மூத்த மகன், தகப்பனார் தொழில் தனக்கு வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? வீடே இரண்டுபடும். மாமனும் சித்தப்பாவும் கூடி உட்கார்ந்து புத்தி சொல்வார்கள்.

பிரான்சு நாட்டில் ஒரு நூல் முதலாளி வீட்டில் இது நடந்தது. மகன் நூல் தொழிலை உதறினார். கையில் ஒரு சின்னக் காமிராவை எடுத்தார். நாடு நாடாகப் போனார். தெருத் தெருவாக நடந்தார். முன்பின் தெரியாத மனிதர்களை, அவர்கள் அறியாதபடி படம் பிடித்தார். அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன.

அவர் பெயர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன். காந்தியடிகள் உயிர் நீத்த அன்று டில்லியில் இருந்தவர் அவர். ரமண மகரிஷி மறைந்த இரவில் திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே.

நூல் வீட்டுப் பிள்ளை

பிரெஸ்ஸன் 1908-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி, பாரிஸ் நகரை அடுத்த சாந்தலூப் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே மூத்தவர்.

அவர்கள் குடும்பத்தின் தையல் நூல் பிரான்சு முழுவதும் பிரசித்தம். வீட்டுத் தையல் பெட்டியைத் திறந்தால் கார்ட்டியர் பிரெஸ்ஸன் என்ற பெயர் போட்ட நூல் இருக்கும். தாயார் வீட்டாரும் பருத்தி வியாபாரிகள். ஆக, இரண்டு பக்கமும் பஞ்சும் நூலும்தான்.

மூத்த மகன் தொழிலுக்கு வருவான் என்று தகப்பனார் காத்திருந்தார். மகனுக்கோ கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே கசந்தது. பள்ளி இறுதிப் பரீட்சையில் மூன்று முறை தோற்றார்.

அவருக்கு ஓவியத்தில் ஆசை. சித்தப்பா ஒருவர் ஓவியர். சிறு பையனாக இருந்தபோது அவருடைய சித்திரக் கூடத்துக்குப் போன நாளை பிரெஸ்ஸன் மறக்கவே இல்லை. அந்தச் சித்தப்பா முதல் உலக யுத்தத்தில் உயிரிழந்தார். அவர் விட்ட தூரிகையைத் தான் எடுக்க வேண்டும் என்று பையன் நினைத்தான்.

தகப்பனாருக்கு வருத்தம்தான். ஆனாலும் மகனைக் கைவிடவில்லை. செலவுக்குப் பணம் கொடுத்தார். ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் பிரெஸ்ஸன் சேர்ந்தார். ஒரு படத்தில் எது எங்கே இருக்க வேண்டும், கோடும் வட்டமும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று அங்கே கற்றார். பின்னால் காமிராவைப் பிடித்தபோது இந்தப் படிப்புதான் அவருக்குக் கை கொடுத்தது.

காட்டில் வந்த காய்ச்சல்

வாலிபரான பிரெஸ்ஸனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கப்பல் ஏறி ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். அங்கே வேட்டையாடிப் பிழைத்தார்.

சத்தம் போடாமல் நடப்பது, காத்திருப்பது, குறி தப்பாமல் சுடுவது எல்லாம் அந்தக் காட்டில் பழகியவை. பின்னாளில் அவர் துப்பாக்கியை விட்டுவிட்டார். பழக்கம் மட்டும் விடவில்லை.

காட்டில் அவரைக் கொடிய காய்ச்சல் தாக்கியது. பிழைக்க மாட்டோம் என்று நினைத்தார். தம்மைச் சொந்த நாட்டில் ஒரு காட்டோரம் புதைக்க வேண்டும், அப்போது இன்ன சங்கீதம் வாசிக்க வேண்டும் என்று தாத்தாவுக்குத் தபால் அட்டை எழுதினார்.

உறவினர் ஒருவர் பதில் எழுதினார். அதற்கெல்லாம் செலவு அதிகம் ஆகும் என்று தாத்தா நினைக்கிறார், முதலில் உயிரோடு வந்து சேர் என்பது அந்தப் பதில். வியாபாரக் குடும்பம் அல்லவா!

பிரெஸ்ஸன் பிழைத்து ஊர் வந்தார். உடம்பு தேறிய காலத்தில் ஒரு பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்தார். மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் நீரை நோக்கித் துள்ளி ஓடுகிறார்கள். முதுகுதான் தெரிகிறது. ஆனாலும் அந்தச் சந்தோஷம் முழுவதும் படத்தில் இருக்கிறது. எடுத்தவர் மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரிக்காரர்.

ஓடுகிற சிறுவர்களை ஓட்டம் குறையாமல் பிடிக்க முடியுமா என்று பிரெஸ்ஸன் வியந்தார். தூரிகையைக் கீழே வைத்தார்.

கறுப்புக் காமிரா

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது சின்னக் காரியம் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். திரைச்சீலை முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். முக்காலி மேல் பெரிய காமிரா இருக்கும். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்வார். படத்தில் முகம் இருக்கும், சிரிப்பு இருக்காது.

1932-ம் ஆண்டு பிரெஸ்ஸன் மார்செய் துறைமுகத்தில் ஒரு லைக்கா காமிரா வாங்கினார். ஜெர்மனியில் செய்தது. உள்ளங்கையில் அடங்கும். சினிமா பிலிம் போன்ற சுருளைப் போட்டால் 36 படம் எடுக்கலாம். முக்காலி வேண்டாம்.

காமிராவில் பளபளப்பான பாகங்கள் இருந்தன. வெயில் பட்டால் மின்னும், ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவற்றின் மேல் கறுப்பு நாடா ஒட்டினார். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் விளக்கை அவர் தொட்டதே இல்லை. தூரத்தில் நின்று இழுத்துப் பிடிக்கும் கண்ணாடியையும் விரும்பவில்லை. மனிதக் கண் பார்ப்பது போலக் காட்டும் ஒரே கண்ணாடியைத்தான் பெரும்பாலும் வைத்திருந்தார். ஒருவரைப் படம் பிடிக்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும்.

எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டிச் சரி செய்வதும் அவருக்குப் பிடிக்காது. பார்த்தபோது சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே 1932-ல் பாரிஸில் ஒரு ரெயில் நிலையத்தின் பின்புறம் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒருவர் அதைத் தாண்டக் குதித்தார். வேலி இடுக்கில் காமிராவை வைத்து பிரெஸ்ஸன் விசையை அழுத்தினார். குதித்தவரின் குதிகால் தண்ணீரைத் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு நூல் இடம் இருக்கிறது. கீழே அவருடைய நிழல் உருவம். பின்சுவரில் ஒட்டிய விளம்பரத்திலும் ஒரு நடனக்காரி அதே போலத் துள்ளுகிறாள்.

உலகில் மிகவும் பேசப்பட்ட போட்டோக்களில் அது ஒன்று. வேலிப் பலகை மறைத்ததால் அந்தப் படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டி வந்தது. அது தம் கெட்டிக்காரத்தனம் அல்ல, அதிர்ஷ்டம் என்றே அவர் சொல்லி வந்தார்.

ஊசியில் நூல் கோக்கிறவருக்கு இது புரியும். கண்ணும் கையும் மூச்சும் ஒன்று சேரும் ஒரு கணம் உண்டு. முந்தினாலும் நூல் நுழையாது, பிந்தினாலும் நுழையாது. நூல் தொழிலை உதறியவர் வாழ்நாள் முழுவதும் செய்தது அதே போன்ற வேலைதான்.

ராஜா எங்கே?

1937-ம் ஆண்டு மே 12-ந்தேதி லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. நம் நாட்டு நாணயங்களிலும் பின்னர் தலை பொறிக்கப்பட்ட அதே மன்னர்தான். பாரிஸ் பத்திரிகை ஒன்று பிரெஸ்ஸனை அங்கே அனுப்பியது.

மற்றப் போட்டோக்காரர்கள் எல்லோரும் ராஜாவின் கிரீடத்தையும் ரதத்தையும் எடுத்தார்கள். பிரெஸ்ஸன் ராஜாவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களை எடுத்தார்.

தலைக்கு மேல் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்க்கிறவர்களை எடுத்தார். மதில் மேல் வரிசையாக உட்கார்ந்த கூட்டத்தை எடுத்தார். அந்த மதிலுக்குக் கீழே பழைய பத்திரிகைக் குப்பையில் ஒருவர் அயர்ந்து தூங்குகிறார். இரவெல்லாம் இடம் பிடித்து விழித்திருந்து, ராஜா வரும் நேரத்தில் தூங்கிவிட்டாரோ என்னவோ!

கிரீடத்தின் படங்கள் பழைய பத்திரிகைகளோடு போய்விட்டன. தூங்கியவரின் படம் இன்றும் நிற்கிறது.

அதே ஆண்டில் பிரெஸ்ஸன், ரத்னா மோகினி என்ற ஜாவா நாட்டு நடன மங்கையை மணந்தார். அந்த அம்மையார் ஆசியக் கலைகளை அறிந்தவர். கீழ்த்திசை நாடுகளில் கணவரோடு பயணம் செய்தவர்.

மண்ணுக்குள் காமிரா

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பிரெஸ்ஸன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். ஜெர்மானியர் நெருங்கியபோது தம் லைக்கா காமிராவை ஒரு பண்ணை நிலத்தில் புதைத்து வைத்தார். 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் பிடிபட்டார்.

சுமார் மூன்று ஆண்டுகள் யுத்தக் கைதியாக இருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட விதமான கூலி வேலைகளைச் செய்தார். கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை அங்கேதான் உழைப்பாளியின் முதுகு வலியை அறிந்தார்.

இரண்டு முறை தப்பி ஓடினார். இரண்டு முறையும் பிடிபட்டுத் தனிச் சிறையில் அடைபட்டார். 1943-ல் மூன்றாம் முறை தப்பினார். இம்முறை பிடிபடவில்லை. போலிச் சீட்டுகளோடு தலைமறைவாகத் திரிந்தார். புதைத்த இடத்துக்குப் போய் மண்ணைத் தோண்டினார். காமிரா இருந்தது!

அவர் இறந்துவிட்டார் என்று அமெரிக்காவில் நினைத்தார்கள். நியூயார்க் நவீனக் கலைக் காட்சி சாலையில் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்த ஏற்பாடு செய்தார்கள். செத்தவர் உயிரோடு வந்து நின்றார். தம் படங்களைத் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். 1947-ல் கண்காட்சி நடந்தது.

அந்த ஆண்டிலேயே ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் ஆகிய நண்பர்களுடன் மாக்னம் என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை போட்டோக்காரர் எடுக்கும் படம் பெரும்பாலும் பத்திரிகைக்கே சொந்தம். கூலிக்குத் தைத்துக் கொடுத்தவருக்குத் துணி சொந்தம் இல்லாதது போலத்தான். மாக்னம் அதை மாற்றியது. படம் எடுத்தவருக்கே சொந்தம் என்றது.

நண்பர்கள் உலகைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரெஸ்ஸனுக்கு வந்த பங்கு ஆசியா.

டில்லியில் ஒரு மாலை

1947-ல் அவரும் ரத்னா மோகினியும் இந்தியா வந்தார்கள். நாடு விடுதலை பெற்ற நேரம். பிரிவினையால் லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்து நின்ற நேரமும் அதுவே. குருட்சேத்திர அகதி முகாமுக்கு பிரெஸ்ஸன் போனார். சோர்வு போக்கக் கைகளை வீசித் துள்ளும் அகதிகளைப் படம் பிடித்தார். துயரத்தின் நடுவிலும் உடம்பு வாழத் துடிப்பதை அந்தப் படம் காட்டுகிறது.

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி பிற்பகல் காந்தியடிகளைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சியின் படப் புத்தகத்தைக் காட்டினார். காந்தியடிகள் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். ஒரு படத்தில் அவர் கை நின்றது. வயதான கவிஞர் ஒருவர் நிற்க, பின்னால் சவ வண்டி போகும் படம் அது. அதன் பொருள் என்ன என்று கேட்டார்.

பிரெஸ்ஸன் விடை பெற்றுப் போனார். சிறிது நேரத்தில் பேரிடி போன்ற செய்தி வந்தது. காந்தியடிகளைச் சுட்டுவிட்டார்கள்!

அவர் பிர்லா மாளிகைக்குத் திரும்பி ஓடினார். இருட்டிவிட்டது. வாயில் கதவருகே பிரதமர் நேரு நின்று, கூடியிருந்த ஜனங்களுக்குச் செய்தி சொன்னார். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்திலேயே பிரெஸ்ஸன் படம் எடுத்தார். படம் தெளிவாக இல்லை, கலங்கியிருக்கிறது. அன்று இந்தியாவே அப்படித்தான் இருந்தது.

மறுநாள் இறுதி ஊர்வலம். லண்டனில் செய்ததையே டில்லியிலும் செய்தார். மரத்திலும் கம்பத்திலும் தொற்றிக்கொண்டு கடைசி முறையாகப் பார்க்கத் தவித்த ஜனங்களை எடுத்தார். அழுகிற முகங்களை எடுத்தார். அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை வெளியிட்ட அவர் படங்களில், காந்தியடிகளின் மரணம் ஏழை எளியவர்களின் முகத்தில் தெரிந்தது.

அதே ஆண்டு காஷ்மீரில், மலை மேல் நின்று பனி மலைகளை நோக்கிக் கை ஏந்தும் முஸ்லிம் பெண்களையும் படம் பிடித்தார்.

தமிழ்நாட்டில்

சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்விட்டு, 1950-ல் தென்னாட்டுக்கு வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி நோய்ப் படுக்கையில் இருந்தார். அவருடைய கடைசி நாட்களை பிரெஸ்ஸன் படம் பிடித்தார்.

ஏப்ரல் 14-ந்தேதி இரவு. பிரெஸ்ஸன் தாம் தங்கிய வீட்டின் முற்றத்தில் இருந்தார். வானத்தில் ஒளி மிக்க ஒரு நட்சத்திரம் மெல்ல நகர்ந்து அருணாசல மலை உச்சியை அடைந்து மறையக் கண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8-47. ஆசிரமத்துக்கு ஓடினார். அந்த நேரத்தில்தான் மகரிஷி மறைந்தார் என்று அறிந்தார். இதை அவரே பின்னர் சொன்னார். மறுநாள் மகரிஷியின் உடலைச் சமாதியில் வைத்ததையும், கதறிய பக்தர்களையும் எடுத்தார்.

அதே மாதம் புதுச்சேரி சென்று அரவிந்தரைப் படம் பிடித்தார். அரவிந்தர் சுமார் முப்பது ஆண்டுகளாகப் படம் எடுக்க இடம் கொடுத்ததில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி அவரும் மறைந்தார்.

மதுரையில் எடுத்த ஒரு படம் நெஞ்சை உலுக்கும். எலும்பும் தோலுமான குழந்தை ஒன்று தாயின் கையில் இருக்கிறது. பின்னால் ஒரு வண்டிச் சக்கரம். குழந்தையின் விலா எலும்பையும் சக்கரத்தின் ஆரக்காலையும் ஒருசேரக் கண் பார்க்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. பசித்த குழந்தையைப் படம் பிடிப்பது தகுமா? படம் சோறு போடுமா? அந்தப் படத்தால் உலகம் ஒரு குழந்தையின் பசியைப் பார்த்தது. ஆனால் படத்தின் அடியில் ஊரும் ஆண்டும்தான் இருக்கின்றன. தாயின் பெயர் இல்லை. பிரெஸ்ஸனுக்குப் புகழ் வந்தது. அந்தத் தாய்க்கு என்ன வந்தது?

இந்தச் சங்கடம் பிரெஸ்ஸனுக்குத் தெரியாதது அல்ல. 1952-ல் அவர் வெளியிட்ட புகழ் பெற்ற படப் புத்தகத்தின் பிரெஞ்சுப் பெயர், லைசென்சு இல்லாத தெரு வியாபாரியை நினைவூட்டும் பெயர். போலீசைக் கண்டால் கடையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவரைப் போல, அவசரமாக, ஒளிந்து எடுத்த படங்கள் என்று அதற்குப் பொருள். தாம் செய்வதில் கொஞ்சம் திருட்டும் கலந்திருக்கிறது என்று அவரே பெயர் வைத்தது போல இருக்கிறது.

அதனால்தான் சில கட்டுப்பாடுகளைத் தமக்குத் தாமே போட்டுக்கொண்டார். யாரையும் கேலிப் பொருளாக்கக் கூடாது. முகத்தில் விளக்கு அடித்துத் திடுக்கிட வைக்கக் கூடாது. அழச் சொல்லியோ சிரிக்கச் சொல்லியோ நடிக்க வைக்கக் கூடாது. நடப்பது நடக்கட்டும், தாம் அதைக் கலைக்கக் கூடாது.

சேலை உலர்த்தும் பெண்கள்

1954-ல் சோவியத் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயும் சாதாரண ஜனங்களை எடுத்தார். 1955-ல் பாரிஸின் லூவர் மாளிகையில் அவர் படங்களின் கண்காட்சி நடந்தது. போட்டோவுக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

1966-ல் மறுபடி இந்தியா வந்தார். அகமதாபாத்தில் பெண்கள் நீள நீளமான சேலைகளைத் தரையில் விரித்து வெயிலில் உலர்த்தும் காட்சியைப் படம் பிடித்தார். கோடு கோடாகத் துணி. அதன் நடுவே குனிந்து நிற்கும் பெண்கள். நூல் கம்பெனி வேண்டாம் என்று போனவரை நூல் விடவில்லை. முதலாளியின் நாற்காலியிலிருந்து பார்க்க வேண்டிய துணியை, உலர்த்துகிற பெண்களின் பக்கத்தில் நின்று பார்த்தார்.

முகத்தை மறைத்தவர்

ஊரார் முகத்தை எல்லாம் எடுத்த பிரெஸ்ஸன், தம் முகத்தை யாரும் எடுக்க விடமாட்டார். 1975-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. போட்டோக்காரர்கள் வந்தபோது ஒரு காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

காரணம் என்ன? முகம் தெரிந்துவிட்டால் தெருவில் சும்மா நடக்க முடியாது. ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் அவர்கள் தாங்களாக இருக்க மாட்டார்கள். இது அவர் தொழில் ரகசியம். ஆனால் இன்னொன்றும் இதில் தெரிகிறது. கேட்காமல் முகத்தை எடுத்தால் மனிதருக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

முதல் திருமணம் 1967-ல் விவாகரத்தில் முடிந்தது. 1970-ல் மார்ட்டின் பிராங்க் என்ற போட்டோக் கலைஞரை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். அந்தக் காலத்தில் காமிராவைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். பழைய ஆசைப்படி பென்சிலை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்தார். உலகம் கைதட்டிக் கொண்டிருந்தபோதே தொழிலை விட்டவர் அவர்.

2004-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி தென் பிரான்சில் காலமானார். 96 வயது நிறைய 19 நாட்களே இருந்தன. அவர் படங்களைக் காக்கும் நிறுவனம் ஒன்று அதற்கு முந்திய ஆண்டே பாரிஸில் திறக்கப்பட்டது.

கையில் காமிரா

லைக்கா வாங்கப் பணக்கார வீட்டில் பிறக்க வேண்டியிருந்த காலம் போய்விட்டது. நல்லூரில் ஷிப்டு முடிந்து வரும் பெண்ணின் கையிலும், பஸ்ஸுக்கு நிற்கும் வாலிபர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் காமிரா இருக்கிறது. யாரும் யாரையும் எடுக்கலாம். நொடியில் ஊரெங்கும் அனுப்பலாம்.

விபத்தில் கிடப்பவரை எடுக்கிறார்கள். பெண்களைத் தெரியாமல் எடுக்கிறார்கள். அசந்து தூங்கும் தொழிலாளியை எடுத்துச் சிரிக்கிறார்கள்.

பிரெஸ்ஸனும் தூங்கியவரை எடுத்தார். பார்த்தவர்கள் அவரைக் கண்டு இகழவில்லை. நாமும் அப்படித்தானே அசந்து போவோம் என்று நினைத்தார்கள். காமிரா ஒன்றுதான். பிடித்த மனம் வேறு.

முன்பின் தெரியாத ஒருவரின் ஒரு நிமிஷம் ராஜாவின் கிரீடத்துக்குக் குறைந்தது அல்ல என்று அந்த நூல் வியாபாரி மகன் காட்டினார். அந்த நிமிஷம் அவருக்குச் சொந்தம். எடுக்கிறவர் கையில் அது கடன்.